புடைப்புச் சிற்பத்தின் மேல் பெயிண்ட் பூச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊர்ப் பொதுக் கட்டடத்தின் முகப்பிலுள்ள பீங்கான் புடைப்புச் சிற்பத்தில் துளையிட்டு விளம்பரப் பலகை மாட்டியதோடு, இப்போது அதன் மேல் பெயிண்டும் பூசப்போவதாக அறிந்து மிகவும் வருந்துகிறேன்.

இவ்வகை வேலையைச் சிற்பி தன் பட்டறையில் தனியே முடித்துவிட முடியாது. ஈரக் களிமண்ணில் முழுக் காட்சியையும் வடித்து, துண்டுகளாக அறுத்து, சூளையில் வெடிக்காதிருக்கப் பின்புறத்தைக் குடைந்து, எண்ணிட்டு, நிழலில் மெல்ல உலர்த்தி, மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கிட்டு, தொழிற்சாலைச் சூளையில் 1,200 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பத்தில் சுட்டெடுக்க வேண்டும். இக்கலைக்குச் சான்றாக, லக்னோவின் ரவீந்திராலயா அரங்கில் ஓவியரும் சிற்பியுமான கே.ஜி. சுப்பிரமணியன் 1963இல் அமைத்த சுடுமண் சுவர்ச்சிற்பம் இன்றும் போற்றப்படுகிறது.

எங்கள் ஊர்ச் சிற்பத்தில் கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் கவலையை இழுக்கும் காளையின் கழுத்து மடிப்புகளில் பழுப்பு மெருகுப் பூச்சு தேங்கி நிற்கும் அழகே தனி. பெயிண்ட் அந்தப் பள்ளங்களை அடைத்துவிடும். வழவழப்பான பரப்பில் பிடிக்காமல் செதில் செதிலாக உரியவும் செய்யும். ஈரத்துணியால் துடைத்தாலே போதுமானது. உரிய அலுவலர்கள் பலகையை அகற்றி, துளைகளைத் தேர்ந்த பீங்கான் கலைஞரைக் கொண்டு சீர்செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், ஈரோடு மாவட்டம்