கூலிங் கிளாஸ்: விலையைக் கேட்கும் முன் மீட்டரில் வைக்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சபரிமலை சீசன் வந்துவிட்டால் கன்னியாகுமரி கடற்கரையில் சங்குக் கடைகளுக்கும் பாசிமாலைக் கடைகளுக்கும் நடுவே கூலிங் கிளாஸ் தட்டிகள் முளைத்துவிடும். 100 ரூபாய், 150 ரூபாய்க்குக் கிடைக்கும். நாகர்கோவிலில் ஏசி போட்ட கடைகளில் 7,000, 8,000 என்று சீட்டு ஒட்டியதும் விற்கிறது. இந்த இரண்டில் எது கண்ணுக்கு நல்லது என்று கேட்பவர்களுக்காக, கண்ணாடி பொருத்தும் தொழிலில் இருக்கும் நாங்கள் இதை எழுதுகிறோம்.

"நல்ல கறுப்பா உள்ளதக் காட்டுங்க அண்ணாச்சி" என்பதுதான் கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது. தவறு அங்கேயே தொடங்குகிறது. கறுப்பு வெறும் சாயம். அது கண்கூச்சத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கண்ணைக் கெடுக்கும் புற ஊதாக் கதிர் கண்ணுக்குத் தெரியாதது. அதில் அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ளது பி வகை, 315 முதல் 400 வரை உள்ளது ஏ வகை. இவற்றைத் தடுப்பது லென்ஸ் செய்த பிளாஸ்டிக்கும், அதில் கலந்த நிறமற்ற ஒரு பொருளும்தான். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு ஏறத்தாழ 380 நானோமீட்டர் வரை தடுக்கும் குணம் இயல்பிலேயே உண்டு. பைக் ஹெல்மெட்டில் இருக்கும் நிறமில்லாத பாலிகார்பனேட் வைசரும் இந்த வேலையைச் செய்கிறது. அக்ரிலிக் லென்ஸ் பலவும், சாதாரணக் கண்ணாடியும் ஏ வகையைக் கணிசமாக உள்ளே விட்டுவிடும்.

ஆகவே 150 ரூபாய்க் கண்ணாடி என்றாலே கண் போச்சு என்பது சரியல்ல. அது பாலிகார்பனேட்டாக இருந்தால் வேலை நடக்கும். ஆனால் அது அக்ரிலிக்கா பாலிகார்பனேட்டா என்று விற்பவருக்கே தெரியாது. தடுக்காத பிளாஸ்டிக்கில் கருஞ்சாயம் ஏற்றி மாட்டிக்கொண்டால், வெளிச்சம் குறைந்ததென்று கண் பாப்பா விரியும், இமையைச் சுருக்கவும் தோன்றாது, ஆளும் வெயிலில் கூடுதல் நேரம் நிற்பார். கதிர் மட்டும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும்.

நம் மாவட்டத்துக்கு இது கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும். கன்னியாகுமரி வட அட்சரேகை 8 டிகிரியை ஒட்டி இருப்பதால் ஏப்ரல் இரண்டாவது வாரத்திலும், ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மற்ற மாதங்களிலும் பெரிதாகச் சாய்ந்துவிடுவதில்லை. மெல்லிய மேகம் புற ஊதாவை அதிகம் தடுக்காது. மேலிருந்து வருவது போதாதென்று காய்ந்த கடல்மணல் 15 சதவீதம் அளவுக்கும், அலை நுரை 25 சதவீதம் அளவுக்கும் அதைத் திருப்பி முகத்தில் அடிக்கின்றன. புத்தளம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெள்ளை உப்பு தரும் கூச்சம் தனி.

400 நானோமீட்டர் வரை புற ஊதாவை (யுவி) தடுக்கும் என்று சொல்லும் 'யுவி 400' ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். ஸ்டிக்கர் சாட்சி ஆகாது. கண்ணாடிக் கடைகள் பலவற்றில் யுவி மீட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். லென்ஸைத் துடைத்துவிட்டு நடுப்பகுதியை அதன் இடுக்கில் வைத்தால் எத்தனை சதவீதம் கதிர் கடக்கிறது என்று காட்டிவிடும். பூஜ்யம் அல்லது அதை ஒட்டி வந்தால் போதும். ஒரு நிமிட வேலை. இரண்டு லென்ஸையும் தனித்தனியே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மீட்டர் இல்லாத இடத்தில் கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கு உதவும். ரூபாய் நோட்டின் வரிசை எண் புற ஊதா ஒளியில் ஒளிரும். நிழலான இடத்தில் விளக்குக்கும் நோட்டுக்கும் நடுவே லென்ஸைப் பிடியுங்கள். ஒளிர்வு அணைந்தால் லென்ஸ் தடுக்கிறது. இதற்கு 365 நானோமீட்டர் விளக்கு வேண்டும். மலிவு டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அவற்றின் ஊதா வெளிச்சம் நல்ல லென்ஸையும் ஓரளவு கடந்துவிடும். எனவே அந்த டார்ச்சில் ஒளிர்வு தெரிந்தது என்பதற்காகக் கண்ணாடியைத் தூக்கி எறிய வேண்டாம். எந்த விளக்கையும் கண்ணுக்கு நேரே அடிக்கக் கூடாது. சில கடைகளில் நீல லேசர் பேனாவை லென்ஸில் அடித்து, 'பாருங்க, கதிர் நிக்குது' என்று காட்டுவார்கள். அது 405 நானோமீட்டர் அளவிலுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஊதா ஒளி. புற ஊதாத் தடுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. விற்பனை வித்தை என்றுதான் சொல்வோம்.

அடுத்தது வடிவம். விலையைவிட இதைப் பெரிதாக நினைக்கிறோம். கடலோரத்தில் பலருக்கு மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை ஏறியிருப்பதைப் பார்க்கலாம். வெயில், காற்று, தூசி மூன்றும் அதற்குக் காரணம். காதுப் பக்கமிருந்து சாய்வாக வரும் ஒளியைக் கருவிழியின் வளைவு மடக்கி, எதிர்ப்புறத்தில், அதாவது மூக்கை ஒட்டிய விளிம்பில் குவிக்கிறது. சதை பெரும்பாலும் அந்தப் பக்கமே முளைப்பதற்கு இதையே முக்கிய விளக்கமாகச் சொல்கிறார்கள். அப்படியானால் பக்கவாட்டு திறந்து கிடக்கும் 8,000 ரூபாய் வட்டக் கண்ணாடியைவிட, முகத்தோடு வளைந்து கன்னப்பொறி வரை மூடும் 700 ரூபாய்க் கண்ணாடி நல்லது. மேல் விளிம்பு புருவத்தை ஒட்டி நிற்க வேண்டும். இமை மயிர் லென்ஸில் தட்டக் கூடாது. சிரித்தால் கன்னம் சட்டத்தைத் தூக்கக் கூடாது. குனிந்து தலையை ஆட்டினால் வழுக்கி விழக் கூடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாடிச் சீசனில் பைக் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வளைவுச் சட்டம் மண் பறப்பதற்கும் உதவும். மேலே ஒரு விளிம்புத் தொப்பி இருந்தால் இன்னும் நல்லது.

காதில் மாட்டும் கண்ணாடிக் காலின் உட்புறத்தில் 58, 14, 135 என்பது போல மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கால் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். பழைய கண்ணாடி சரியாக உட்கார்ந்திருந்தால் அதன் எண்களைக் குறித்துக்கொண்டு போனால் அலைச்சல் மிச்சம். சிலவற்றில் 3 என்ற எண் தனியாக இருக்கும். அது கருமையின் வகை. ஐஎஸ்ஓ 12312-1 கணக்கில் 0 முதல் 4 வரை உண்டு. வகை 2 என்றால் 18 முதல் 43 சதவீதம் வெளிச்சம் உள்ளே வரும், வகை 3 என்றால் 8 முதல் 18, வகை 4 என்றால் 3 முதல் 8. நம் வெயிலுக்கு 3 போதும். வகை 4 போட்டு வண்டி ஓட்டவே கூடாது. நிறத்தில் சாம்பல் இயல்பாகக் காட்டும், பழுப்பு எடுப்பாகக் காட்டும், பச்சையிலும் குறையில்லை. நீலமும் சிவப்பும் சிக்னல் விளக்கின் நிறத்தைக் குழப்பும். இரவில் ஓட்டுவதற்கென்று விற்கும் மஞ்சள் கண்ணாடி, ஏற்கெனவே குறைவான வெளிச்சத்தை இன்னும் குறைக்கிறது. வாங்காதீர்கள்.

போலரைஸ்டு பற்றிக் குழப்பம் அதிகம். அது புற ஊதாத் தடுப்பு அல்ல. தண்ணீர், ஈரச் சாலை, காரின் பானெட் போன்ற பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிரும். லென்ஸுக்குள் இருக்கும் ஒரு மெல்லிய படலம் அந்த அதிர்வை மட்டும் நிறுத்துகிறது. தண்ணீரில் ஒளி ஏறத்தாழ 53 டிகிரி கோணத்தில் பட்டுத் திரும்பும்போது இதன் பலன் உச்சத்தில் இருக்கும். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் கடலுக்குப் போகிறவர்களுக்கு இது ஆடம்பரம் அல்ல. மேற்பரப்பின் பளபளப்பு விலகுவதால் நீருக்கடியில் உள்ள பாறையும் வலையும் தெரியும். உண்மையில் போலரைஸ்டுதானா என்று பார்க்க, கடலையோ ஈரத் தரையையோ பார்த்தபடி தலையைத் தோள் பக்கம் சாயுங்கள். மறைந்திருந்த பளபளப்பு திரும்ப வர வேண்டும். கடைக்குள் என்றால் போலரைஸ்டு என்று தெரிந்த இன்னொரு கண்ணாடியை மேலே வைத்து 90 டிகிரி திருப்புங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய கறுத்துவிட வேண்டும். லென்ஸோடு கொடுக்கும் சின்னப் படத்தில் மறைந்த மீன் தெரிகிறது என்பதும் சரியான சோதனையே.

ஆனால் அதற்குத் தொல்லையும் உண்டு. செல்போன், ஜிபிஎஸ், கடலின் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஆகியவற்றின் திரைகள் ஏதாவது ஒரு கோணத்தில் இருண்டுபோகும். படகுக்கு வாங்குகிறவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தங்கள் திரை நிறுத்தியிருக்கும் நிலையிலேயே அதைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. ஹெல்மெட் வைசருக்குப் பின்னால் போட்டால் வானவில் திட்டுகள் தெரியும். கண்ணாடி கெட்டுவிட்டதென்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். கெடவில்லை, வைசர் பிளாஸ்டிக்கின் உள் இழுவிசை அப்படித் தெரிகிறது. பைக் ஓட்டிக்கு இன்னொன்று: சாலையில் எண்ணெயோ தண்ணீரோ கிடப்பதைக் காட்டிக்கொடுக்கும் மினுமினுப்பையும் இது மறைத்துவிடக்கூடும்.

மலிவில் நிஜமாகவே அடிவாங்குவது லென்ஸின் வார்ப்பு. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸ் வழியே கதவு நிலையையோ தரை டைல்ஸ் கோட்டையோ பாருங்கள். மெதுவாக மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்துங்கள். கோடு நெளிந்தால், துள்ளினால் வைத்துவிட்டு வாருங்கள். அதைப் போட்டு ஒரு மணி நேரம் நடந்தால் தலைவலி, படி இறங்கினால் தடுமாற்றம். வளைவுச் சட்டத்தில் ஓரத்தில் லேசான நெளிவு இருக்கலாம், நடுவில் இருக்கவே கூடாது.

பிறகு 8,000 ரூபாய் எதற்கு? கீல் உறுதி, லென்ஸ் மெருகு, கோட்டிங், உதிரி லென்ஸும் மூக்குப் பட்டையும் கிடைப்பது, இவற்றுக்குக் கொஞ்சம். மீதி பெயருக்கு. ரேபானை 1999இல் வாங்கிய லக்ஸோட்டிகா நிறுவனமே பல ஆடை நிறுவனங்களின் பெயரிலும் உரிமம் பெற்றுக் கண்ணாடி செய்கிறது என்பதை நினைவில் வைத்தால், காலில் உள்ள எழுத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று புரியும். விருப்பப்பட்டு வாங்குகிறவர்களை நாங்கள் தடுக்கப்போவதில்லை. எங்கள் கணிப்பில் 700 முதல் 2,000 ரூபாய்க்குள் மீட்டரில் தேறிய, வார்ப்பு நேரான, முகத்தை மூடும் பாலிகார்பனேட் கண்ணாடி கிடைத்துவிடும். இந்த விலையில் போலரைஸ்டும் உண்டு, பெரும்பாலும் டிஏசி என்னும் மெல்லிய அடுக்கு லென்ஸ். கதிரைத் தடுக்கும், ஆனால் சீக்கிரம் கீறும், ஓரத்தில் அடுக்கு பிரியும். வள்ளத்தில் போகிறவர் விலை கூடிய ஒன்றை வாங்கிக் கடலுக்குக் கொடுப்பதைவிட, இப்படி இரண்டு வாங்கிக் கழுத்துக் கயிறு கட்டிக்கொள்வதே புத்தி.

உப்புக்காற்று விலை பார்ப்பதில்லை. உலோகச் சட்டத்தில் பச்சைக் களிம்பு ஏறும், கீல் திருகு துருப்பிடித்து இறுகும் அல்லது கழன்று விழும். பாதரசம் பூசியதுபோல் மின்னும் மிரர் கோட்டிங் புள்ளி புள்ளியாக உரியும், கடலோரத்தில் அது வேண்டாம். டிஆர்-90 என்னும் நைலான் வகைச் சட்டம் எடை குறைவு, துருவும் ஏறாது. ஆனால் சூடு காட்டி வளைத்துச் சரிசெய்வது கடினம், வாங்கும்போதே அளவு சரியாக இருக்க வேண்டும். கரைக்கு வந்ததும் முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உப்புப் பரல் ஒட்டியிருக்கும்போது சாரத்தின் (லுங்கியின்) நுனியால் துடைப்பதுதான் கீறல்களுக்கு முதல் காரணம். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பட்டால் பாலிகார்பனேட் லென்ஸும் பல பிளாஸ்டிக் சட்டங்களும் கெட்டுவிடும். திருகு அடிக்கடி கழன்றால் இறுக்கிவிட்டு அதன் தலையில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி வையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் வைத்தால் கோட்டிங் வெடித்து வலைபோல் கோடுவிடும்.

பவர் போடுகிறவர்கள் சாயம் ஏற்றச் சொல்லும்போது யுவி தடுப்பையும் தனியே கேட்க வேண்டும், இரண்டும் வேறு வேலை. வெயிலில் தானாகக் கறுக்கும் லென்ஸ் காருக்குள் சரியாகக் கறுக்காது, ஏனென்றால் அதைக் கறுக்க வைக்கும் புற ஊதாவை முன் கண்ணாடி தடுத்துவிடுகிறது. கடும் சூட்டிலும் அதன் கருமை குறையும்.

பிள்ளைகளின் கண் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடக் கூடுதல் புற ஊதாவை உள்ளே விடும். திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மைக் கண்ணாடியை விளையாட வைத்துக்கொள்ளட்டும், வெயிலுக்கு வேண்டாம். 2010 ஜனவரி 15 அன்று நம் ஊரில் தெரிந்ததுபோன்ற கங்கண சூரிய கிரகணத்தை எத்தனை ஆயிரம் ரூபாய்க் கூலிங் கிளாஸ் போட்டும் பார்க்கக் கூடாது. வெல்டிங்குக்கும் அப்படியே.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். யுவி மீட்டரை உள்ளே வைக்காமல் மேசை மேல் வையுங்கள். பில்லில் யுவி 400, கருமை வகை, போலரைஸ்டு உண்டா இல்லையா என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள், வீட்டில் கிடக்கும் பழைய கண்ணாடியையும் கையோடு எடுத்து வாருங்கள். கடற்கரையில் 150 ரூபாய்க்கு வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை, அதையும் மீட்டரில் வைத்துப் பார்த்துவிடலாம். தேறினால் புதிது வாங்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
கண்ணாடித் தொழிலில் உள்ளவர்கள்,
நாகர்கோவில்.