முதலில் பிரேக், கடைசியில் ரிம்

கண்ணா,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு அலாய் ரிம், ஓரம் மட்டும் பளபளப்பு, 15 இஞ்ச். அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். உன்னைவிட ஐந்து வயது இளைய வண்டிக்குப் புதுச் செருப்பு மாட்டிப் பார்க்கும் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் படத்துக்குக் கீழே எழுதியிருந்தாயே, "முதல்ல ரிம், அப்புறம் டயர், காசு மிஞ்சினா பிரேக்" என்று, அந்த வரிசைதான் உறுத்தியது. அதை அப்படியே தலைகீழாக்கு. ஏன் என்று சொல்கிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

உனக்கு ஒன்பது வயது. மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நீ பின்சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய், அப்பா பக்கத்தில் அரைத்தூக்கம். நான்தான் ஓட்டினேன். மூன்றாவது கியரில் போட்டுக்கொண்டு வளைவுக்கு வளைவு பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தேன். முதலில் ஒரு கருகல் வாடை வந்தது. முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் கால் வைத்தபோது பெடல் சேற்றில் வைத்த கால் மாதிரி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மறுபடி மறுபடி மிதித்தேன், கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது. இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒரு மண்மேட்டு ஓரம் நிறுத்தினேன். நீ விழிக்கவே இல்லை. அப்பாவிடம் "இன்ஜின் ஆறட்டும்" என்றேன். ஆற வேண்டியிருந்தது என் கைதான், நடுங்கிக்கொண்டிருந்தது.

பிரேக்கில் எதுவும் உடையவில்லை. வாங்கிய நாளிலிருந்து நான்கு வருஷம் பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை, அவ்வளவுதான். அந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற வகைப் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி சூடு தாங்கும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவி. ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நாம் கொடுக்கும் அழுத்தமெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே போய்விடும், டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடுக்கு எதுவும் மிஞ்சாது. மறுநாள் மெக்கானிக் திறந்து காட்டினார். வெளிர் மஞ்சளாக இருக்கவேண்டியது கறுத்துக் கலங்கிப்போயிருந்தது. அன்றிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். மலையில் எந்த கியரில் ஏறுவேனோ அதே கியரில்தான் இறங்குகிறேன்.

ஆகவே உன் முதல் வேலை அது. டாட் 4 போடு, 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறினாலும் 155 வரை நிற்கும். டாட் 5 என்று ஒன்று கண்ணில் படும். பெயரைப் பார்த்து அது இன்னும் உசத்தி என்று நினைத்துவிடாதே. அது சிலிக்கான், நம்ம வண்டியில் இருப்பதோடு சேராது. (டாட் 5.1 வேறு, அது சேரும். இப்படிப் பெயர் வைத்தவர்களை என்ன சொல்ல!)

ஆயில் மாற்றும்போதே நான்கு சக்கரத்திலும் உள்ள ரப்பர் ஹோஸை மடக்கிப் பார்க்கச் சொல். வெடிப்பு தெரிந்தால் மாற்று. வெளியே நன்றாக இருந்தாலும் பழைய ஹோஸ் அழுத்தத்தில் பலூன் மாதிரி உப்பும், பெடல் பஞ்சாகத் தெரியும். பின்பக்க டிரம்மைக் கழற்றினால், ஆயில் அழுத்தத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் கொஞ்சம் விலக்கிப் பார். உள்ளே ஈரமாக இருந்தால் கசிவு ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். முன்பக்கம் பேடுகளை டிஸ்கின் மேல் அமுக்கும் கவ்விதான் காலிப்பர். அது நகரும் பின்கள் இறுகிப்போனால் ஒரு பேட் தேயும், இன்னொன்று புதிதாகவே இருக்கும். டிஸ்கின் ஓரத்திலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். அளந்து பார்த்து, அதற்குக் கீழே போயிருந்தால் தயங்காமல் மாற்று. பேடும் டிஸ்கும் புதிதானால் உடனே சர்ரென்று அழுத்திச் சோதிக்காதே. காலியான சாலையில் 60-லிருந்து 15 வரை மெதுவாகக் குறைப்பது, முழுதாக நிற்காமல் மறுபடி வேகமெடுப்பது, இப்படி ஒரு எட்டுப் பத்துத் தடவை. அப்போதுதான் இரண்டும் ஒன்றுக்கொன்று பழகும்.

இவ்வளவும் செய்துவிட்டு ஓட்டிப் பார். பாதிக்கு மேல் ஆட்கள் "பெரிய பிரேக் வேண்டும்" என்று சொல்வது பழைய பிரேக்கை ஒழுங்காக வைத்துக்கொள்ளாததால்தான் என்பது என் அபிப்பிராயம்.

பின்பக்க டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை அதிகமாகப் பிடித்தால் அது முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். சக்கரம் பூட்டாமல் தானே பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் நம்ம வண்டியில் கிடையாது, உன் கால்தான் ஏபிஎஸ். முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு அழுத்தம் என்று கம்பெனிக்காரன் கணக்குப் போட்டு வைத்திருக்கிறான், அதை ஊகத்தில் கலைக்கக் கூடாது. முன்பக்கமும் அப்படித்தான். பெரிய பிஸ்டன் உள்ள காலிப்பர் மாட்டினால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்றால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். பலசாலி காலிப்பர் மாட்டிவிட்டு பெடல் கீழே போகிறதே என்று புலம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிஜமாகவே போதவில்லை என்றால், இதே மாடலில் பெரிய இன்ஜின் வண்டிக்குக் கம்பெனி கொடுத்த காற்றோட்ட டிஸ்க், அதன் காலிப்பர், அதன் மாஸ்டர் சிலிண்டர் என்று மொத்தமாக எடு. அந்த டிஸ்க் நம்ம 13 இஞ்ச் ரிம்முக்குள் அடங்காமல் போகலாம். அங்கேதான் ரிம் பேச்சு வரவேண்டும். மினி காரையே எடுத்துக்கொள். 1959-ல் வந்தபோது 10 இஞ்ச் சக்கரம், நான்கிலும் டிரம். 1961-ல் கூப்பருக்கு அந்தச் சின்னச் சக்கரத்துக்குள்ளேயே 7 இஞ்ச் டிஸ்கைத் திணித்தார்கள். 1984-ல் எல்லா மினிக்கும் 8.4 இஞ்ச் டிஸ்க் கொடுத்தபோது சக்கரமும் 12 இஞ்ச் ஆனது. டிஸ்க் வளர்ந்தால் அதற்கு இடம் வேண்டும்.

சரி, டயர். போன தடவை நீ காட்டியபோது பட்டன் நிறைய இருக்கிறது என்று சொன்னாய். பட்டனைப் பார்த்தாய், தேதியைப் பார்த்தாயா? பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் (பிரேக் ஆயில் டாட்டோடு குழப்பிக்கொள்ளாதே) கடைசி நான்கு எண். 3516 என்றால் 2016-ன் 35-ஆவது வாரம். ஓடாமல் நின்றாலும் ரப்பர் கெட்டியாகும். ஐந்தாறு வருஷம் ஆனால் வருஷா வருஷம் உற்றுப் பார், பத்து தாண்டினால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போடு. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது, வண்டியை நிறுத்துவது டயர்தான். பூட்டிக்கொண்ட முன்சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது.

அளவு விஷயத்துக்கு ஒரு காகிதம் எடுத்துக்கொள். நம்மது 155/80 ஆர்13. 155 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்கச் சுவர், அதாவது 124. மேலும் கீழும் சேர்த்து 248. 13 இஞ்ச் என்பது 330. ஆக மொத்தம் 578 மில்லிமீட்டர். நீ பார்த்து வைத்த 195/50 ஆர்15 கணக்குப் போட்டால் 576. பரவாயில்லை, மொத்த உயரம் சரியாகப் பிடித்திருக்கிறாய், வேகமானி பொய் சொல்லாது. ஆனால் பக்கச் சுவர் 124-லிருந்து 97-ஆகச் சுருங்கிவிட்டது பார். பள்ளத்தில் விழும்போது அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவர்தான், இல்லாவிட்டால் ரிம் வாங்கும். அகலம் 40 மில்லிமீட்டர் கூடுகிறது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை ஒரு நெருக்கடியான இடத்தில் திருப்பி நிறுத்திப் பார், தோள் சொல்லும். அகல டயர் தேங்கிய தண்ணீரில் சீக்கிரமே மிதக்கவும் செய்யும்.

எனக்குப் பிடித்தது 175/65 ஆர்14. உயரம் 583, ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை, சுவர் 114 மிச்சம் இருக்கிறது. பாரக் குறியீட்டில் மட்டும் இறங்காதே. நம்மது 79, ஒரு டயருக்கு 437 கிலோ. 82 என்றால் 475, தாராளம். இரண்டு டயர் வாங்கத்தான் காசு இருக்கிறதா? அப்படியானால் பழைய அளவிலேயே வாங்கிப் பின்னால் போடு. எல்லாரும் முன்னால்தான் போடுவார்கள். மழையில் முன்பக்கம் வழுக்கினால் காலை எடுத்தாலே பெரும்பாலும் அடங்கும், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

கடைசியாக ரிம். அப்பாவும் இந்த ஆசைக்குத் தப்பவில்லை, தெரியுமா? நீ ஹாஸ்டலில் இருந்தபோது யாரோ கழற்றிப்போட்ட அலாய் ஒரு செட் கொண்டுவந்தார். நட்டுக்கு நான்கு ஓட்டை, அவை அமைந்த வட்டம் 100 மில்லிமீட்டர், அப்படியே உட்கார்ந்தது. 80 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கியது. மூன்று தடவை பேலன்சிங் செய்தார், நடுக்கம் போகவில்லை. ஒருநாள் நான் சக்கரத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், நடு ஓட்டை, அது உட்காரும் ஹப்பைவிட நகக்கண் அளவு பெரியது. சக்கரம் ஹப்பில் உட்காராமல் நட்டில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் வளையத்தில் தீர்ந்தது. ஆஃப்செட்டையும், அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்பதையும், அவர் பார்க்கவில்லை. சக்கரம் வெளியே தள்ளி நின்றதால் ஐந்து பேர் ஏறிய அன்று மட்கார்டில் உரசி டயரின் தோளைச் சீவிவிட்டது. கழற்றி வைத்துவிட்டார். பழைய இரும்பு ரிம்மைத் திரும்ப மாட்டும்போது அவர் முகம் இருந்த இருப்பு!

அதனால் வாங்குவதற்கு முன் வட்டம், நடு ஓட்டை, ஆஃப்செட், எடை, நான்கையும் கேள். பழைய ரிம்மைவிடக் கனமான அலாய் வாங்கினால் நஷ்டம்தான், இன்ஜினும் பிரேக்கும் சேர்ந்து அந்தக் கனத்தைச் சுமக்கும். ஒன்றை மட்டும் மாட்டி, கையால் சுற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார். காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே ஒரு பென்சிலாவது தடையில்லாமல் நுழையவேண்டும். அலாய்க்கு நட்டின் உட்காரும் முனை வேறாக இருக்கலாம், கூம்பா உருண்டையா என்று பார்த்து வாங்கு. எதிரெதிராக முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்கு.

ஸ்டெப்னியை மறந்துவிடாதே. சக்கர அளவு மாறினால் அதுவும் மாறவேண்டும், இல்லாவிட்டால் பஞ்சரான அன்று காலிப்பரில் இடித்துக்கொண்டு நிற்கும்.

டிஸ்க் தடிமனை அளந்ததும் எண்ணை அனுப்பு. டயர் தேதியையும் படம் எடுத்து அனுப்பு, ஐந்து டயருக்கும். டிக்கியின் இடது மூலையில் பழைய துணியில் சுற்றி ஒரு முழ நீளக் குழாய்த் துண்டு வைத்திருக்கிறேன். நட்டு இறுகிப்போனால் ஸ்பேனரில் மாட்டிக் கழற்ற. கழற்ற மட்டும்தான். அதை வைத்து முறுக்கி அப்பா ஒரு போல்ட்டை உடைத்திருக்கிறார்.

அம்மா