செயலாளரின் ஆண்டறிக்கை: பழைமையான வழிபாட்டிடங்களில் ஒலி, ஒளி அமைக்கும் பணி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு மற்றும் பொதுக்குழு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தஞ்சை வட்டாரத்து ஒலி, ஒளி அமைப்பாளர்களாகிய நமது சங்கத்தின் ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். சந்தா, குடும்ப நல நிதி, தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு ஆகியவற்றைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு இந்த ஆண்டு அதிகம் விவாதித்த பொருள், நூற்றாண்டுகள் கடந்த கோயில்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் நிரந்தர ஒலி, ஒளி அமைப்புகளைப் பொருத்தும் பணி. அதைப் பற்றி மட்டுமே இங்கு பேசுகிறேன்.

திருவிழாவுக்கு மைக் செட் கட்டி மறுநாள் அவிழ்த்து வருவது நமக்குப் பழகிய தொழில். நிரந்தரப் பணி அப்படிப்பட்டதன்று. நம் உறுப்பினர்கள் இந்த ஆண்டு சீரமைத்த பழைய தேவாலயம் ஒன்றில், முன்பு வந்த வெளியூர்க் குழுவினர் ஒலிபெருக்கிகளை இரும்பு போல்ட்டுகளால் சுவரில் முடுக்கியிருந்தனர். துருப்பிடித்த இரும்பு பருமன் கூடிச் சுற்றியிருந்த சுண்ணாம்புக் காரையைப் பிளந்திருந்தது. போல்ட்டைத் தொட்டதும் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பலகை பலகையாகக் கழன்று விழுந்தது. அதற்கு முன்னர் யாரோ சிமெண்ட் வைத்து அடைத்த ஓட்டையைச் சுற்றி ஈரம் கோத்து, சுவர் உப்புப் பூத்துக் கிடந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். போல்ட்டுகளை அகற்றிய பின், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை அழைத்துக் காரையாலேயே அந்த இடங்களைப் பூசச் செய்தோம். புதிய பெட்டிகளைத் தரையில் நிற்கும் மரத்தாங்கிகளில் வைத்து, வயர்களை இருக்கைகளின் அடிச்சட்டங்கள் வழியாகவே கொண்டு சென்றோம். நாம் பொருத்தும் ஆம்ப்ளிபயருக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆயுள் இருந்தால் அதிகம். அதற்காக முந்நூறு ஆண்டுச் சுவரில் துளையிடும் உரிமை நமக்கு இல்லை என்பதே செயற்குழுவின் உறுதியான கருத்து.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் ஆகியவை உள்ளிட்ட மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்கள் 1958ஆம் ஆண்டுப் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நினைவுச்சின்ன எல்லையிலிருந்து 100 மீட்டர் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இத்தகைய இடங்களில் நிர்வாகத்தின் வாய்மொழிச் சம்மதத்தை நம்பி எவரும் வேலையைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது ஒலி. சத்தம் போதவில்லை என்ற குறையோடுதான் நிர்வாகிகள் நம்மிடம் வருகிறார்கள். உயர்ந்த வளைவுக் கூரையுள்ள தேவாலயங்களில் உண்மையான சிக்கல், எழுந்த ஒலி அடங்காமல் நீடிப்பது. முந்தைய சொல்லின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து விழுவதால், பிரசங்கம் காதில் கேட்டும் விளங்காமல் போகிறது. அங்கே வால்யூமைக் கூட்டினால் முழக்கமும் சேர்ந்து கூடுமே தவிரத் தெளிவு வராது. லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இதே சிக்கலை 1950களின் தொடக்கத்திலேயே பார்க்கின், டெய்லர் என்ற இருவர் தீர்த்துக் காட்டினார்கள். நாம் ‘காலம்’ (column) ஸ்பீக்கர் என்று அழைக்கும் தூண் போன்ற நெடும்பெட்டிகளை வைத்து, ஒலி கூரைக்கு ஏறாமல் மக்கள் மீது மட்டும் விழும்படி செய்தார்கள். பின்வரிசைப் பெட்டிகளுக்கு ஒலியைச் சற்றுத் தாமதித்தும் அனுப்பினார்கள். ஒலி 30 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 87 மில்லிநொடி ஆகும். மின்கம்பியில் போகும் ஒலியோ அக்கணமே போய்ச் சேர்ந்துவிடும். இந்த இடைவெளியைச் சரிக்கட்டாவிட்டால் பின்னால் அமர்ந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கும். அன்று ஒலியைத் தாமதிக்கக் காந்தப் பதிவுக் கருவி தேவைப்பட்டது. இன்று சிறிய டிஜிட்டல் மிக்சரிலேயே அந்த வசதி இருக்கிறது. இருந்தும் நம்மில் பலர் அதைத் தொடுவதில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கோயில் மண்டபங்களின் தன்மை வேறு. பக்கங்கள் திறந்திருப்பதால் முழக்கம் குறைவு. ஆனால் தூண்கள் மறிப்பதால் ஓதுவாரின் தேவாரத்தில் மெல்லிய எழுத்தொலிகள் மறைந்துபோகின்றன. தூண்களுக்கு இடைப்பட்ட அங்கணத்துக்கு ஒன்றாகச் சிறிய ஒலிபெருக்கிகளைத் தாழ்ந்த அளவில் வைப்பதே அங்கே பொருத்தம். பள்ளிவாசல்களில் குவிமாடத்தை நோக்கிப் பெட்டியைத் திருப்பவே கூடாது. குவிமாடம் ஒலியை ஓரிடத்தில் குவித்துவிடும். எந்த இடமானாலும் வெற்றுக் கூடத்தில் செய்த சோதனையோடு நிறுத்தாமல், கூட்டம் நிறைந்த நாளில் மறுபடியும் நேரில் போய்க் கேட்க வேண்டும். மனித உடல்களும் உடைகளும் ஒலியை உறிஞ்சுவதால் கணக்கு மாறிவிடும்.

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளது. குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. உள்ளே தெளிவாகக் கேட்கும்படி அமைத்துவிட்டால், கோபுரத்திலும் மினாராவிலும் கூம்புக் குழாய் கட்டும் தேவை பெரும்பாலும் எழாது.

ஒளியைப் பொறுத்தவரை, ஓவியங்கள் உள்ள சுவர்களின் மேல் வெப்பம் கக்கும் ஹாலோஜன் விளக்குகளை அறவே தவிர்க்க வேண்டும். பாடல் வரிகளைக் காட்டும் திரை, கண்பார்வை மங்கிய முதியவர்களுக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை; அது பலிபீடத்தையோ சன்னதியையோ மறைக்காமல், ஆராதனை முடிந்ததும் சுருட்டி வைக்கத்தக்கதாக இருக்கட்டும்.

மின்பாதுகாப்பு பற்றித் தஞ்சைக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 1997 ஜூனில் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலில் பற்றிய தீயில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. பழைய வயரிங்கிலிருந்து கிளை இழுக்காமல் தனி இணைப்பு, முறையான எர்த், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் நம் உறுப்பினர் எவரும் சாதனத்தை இயக்கக் கூடாது.

மேற்கண்டவற்றை உறுப்பினர் அனைவரையும் கட்டுப்படுத்தும் நடைமுறையாக ஏற்கவும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த சுவர்ப் புகைப்படங்களைச் சங்க அலுவலகத்தில் ஒப்படைக்கவும், வரும் ஆண்டில் சுண்ணாம்புக் கொத்தனார்களைக் கொண்டு இளைய உறுப்பினர்களுக்குப் பயிற்சி நடத்தவும் செயற்குழு தீர்மானித்துள்ளது. இத்தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்