கை தூக்கச் சொல்லாதீர்கள், சீட்டுக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய சேர்மன், இயக்குநர்கள், சி.இ.ஓ. ஆகியோருக்கு, விவசாயிகளே பங்கு போட்டு நடத்தும் நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பங்குதாரர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம். இந்த முறை ஆண்டுப் பொதுக்குழுவில் நடந்ததை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. "பொருள் 5: இயக்குநர்கள் தேர்வு" என்று வாசித்தீர்கள். ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த பெயர்களைப் படித்தீர்கள். "சம்மதம்னா கை தூக்குங்க" என்றீர்கள். அடுத்தது சாப்பாடு. சாப்பாட்டு வரிசை நகர்ந்ததைவிடத் தேர்தல் வேகமாக முடிந்தது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: யார் யார் நிற்கிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், சீட்டில் ஓட்டுப் போட விடுங்கள்.

முதலில் கூட்டத்துக்கு நீங்கள் குறித்த அந்தக் காலை 10.30 மணியைப் பற்றிப் பேச வேண்டும். நம் பங்குதாரர்களில் பெரும்பாலோர் தாங்களே பால் வெட்டும் சிறு ரப்பர் விவசாயிகள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் விடியும் முன்பே தலையில் லைட் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். வெட்டி முடித்த பிறகு பால் வடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சிரட்டை சிரட்டையாக வாளியில் ஊற்றி எடுக்க 9.30 தாண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் கலந்து முடிக்கும்போது மணி 11.30. பாதியில் விட்டுவிட்டு பஸ் பிடித்தால் பால் வாளியிலேயே கட்டியாகிவிடும். ரப்பர் ஷீட் விலைக்குப் போக வேண்டியது, கழிவாக உறைந்த ஒட்டுப்பாலின் மலிவு விலைக்குப் போகும். ஆக, ஒரு ஓட்டின் விலை ஒரு நாள் பால். அந்த நேரத்துக்கு நாகர்கோவில் ஓட்டல் அரங்கில் வந்து உட்கார யாரால் முடியும்? வெட்டுக்கு ஆள் வைத்திருப்பவர்களால் முடியும். அவர்கள் கை தூக்குகிறார்கள், அவர்களே தேர்வாகிறார்கள்.

பொதுக்குழுவை அலுவலக நேரத்தில், விடுமுறை அல்லாத நாளில்தான் கூட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. மாலை 3 மணியும் அலுவலக நேரம்தானே? அதே சட்டம், கூட்டம் பதிவு அலுவலகத்திலோ அந்த ஊருக்குள்ளேயோ நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் பதிவு அலுவலகம் மலையோரத்தில் இருக்கிறது. கூட்டம் மட்டும் ஏன் நாகர்கோவிலுக்கு இறங்கி வருகிறது?

2020-இல் கம்பெனிச் சட்டத்தில் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கென்று தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அதன்படி பொதுக்குழுவுக்கு 14 நாளுக்குக் குறையாமல் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். அதோடு வேட்பாளர்களின் பெயரும், ஒவ்வொருவரின் தகுதிக் குறிப்பும் போக வேண்டும். எங்களுக்கு வந்தது 4 நாள் முன்பு ஒரு வாட்ஸ்அப் படம். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச வருகை, மொத்த உறுப்பினரில் நாலில் ஒரு பங்கு, அதாவது 600 பேர் இருந்தால் 150 பேர் அரங்கில் இருக்க வேண்டும். உரம் வாங்க வந்தவரிடம் கவுண்டரில் பதிவேட்டை நீட்டி வாங்கும் கையெழுத்து கோரம் ஆகாது. 1 ஷேர் வைத்திருந்தாலும் 100 ஷேர் வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. கை தூக்கும்போது அதை யார் எண்ணினார்கள்?

"புதுசா யாரும் நிக்கலாமே, டின் நம்பர்தான் இல்லையே" என்ற பதிலையும் கேட்டோம். டின் என்கிற இயக்குநர் அடையாள எண்ணுக்கு டி.ஐ.ஆர்.-3 படிவம் போட பான், ஆதார், போட்டோ, டிஜிட்டல் கையெழுத்து எல்லாவற்றையும் விவசாயியே தேடிக்கொள்வார். ஆனால் இவரை இயக்குநராக்க உத்தேசித்திருக்கிறோம் என்று இயக்குநர் குழுவான போர்டு போடும் தீர்மானத்தையும் இணைக்க வேண்டும். அதை நீங்கள்தான் போட முடியும். சாவியை மடியில் வைத்துக்கொண்டு கதவு பூட்டியிருக்கிறது என்றால் எப்படி? கூட்டத்துக்கு 45 நாள் முன்பே மனு வாங்கி, நிறுவனக் கடன் பாக்கி இல்லாத எல்லா வேட்பாளருக்கும் ஒரே தீர்மானமாகப் போட்டுத் தாருங்கள். ஜெயித்தவரின் நியமனத்தைத் தெரிவிக்கும் டி.ஐ.ஆர்.-12 படிவம் போட 30 நாள் அவகாசம் இருக்கிறது.

நிபுணர் இயக்குநர்கள் என்று இருவரைச் சேர்த்திருக்கிறீர்கள். மொத்த இயக்குநர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்க்கலாம், தவறில்லை. ஆனால் சேர்மன் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அன்று அவர்கள் கையும் மேலே போனதைப் பலரும் பார்த்தார்கள். எதில் நிபுணர்கள் என்பதையாவது அடுத்த நோட்டீஸில் ஒரு வரி எழுதுங்கள்.

கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, மட்டிப் பழத்துக்கும் கிடைத்தது. நம் போர்டுக்கும் விண்ணப்பிக்கலாம்: தொடக்கத்திலிருந்து அதே பெயர்கள், மாறாத தரம். இந்த மாவட்டத்தில் கோயில் கமிட்டிக்கும் சபைக் கமிட்டிக்கும் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஊர்கள் உண்டு. வங்கிக் கடன் வாங்கி வியாபாரம் செய்கிற நிறுவனத்துக்கு மட்டும் கை போதுமா?

கோபத்தில் எங்கோ போய்விட்டோம், பொறுத்தருளுங்கள். கேட்பது பழையதுதான்: சீட்டு. அலுவலக முத்திரை குத்திய சீட்டு, அதில் பங்குதாரர் எண் வேண்டாம். எண்ணைப் பதிவேட்டில் டிக் செய்து சீட்டைக் கொடுத்தால் போதும். 10 இடம் என்றால் 10 பேருக்கு மேல் குறித்த சீட்டு செல்லாது என்பதைப் பெட்டி திறக்கும் முன்பே அறிவியுங்கள், தகராறு அதில்தான் வரும். வேட்பாளராக நிற்பவர் அன்று தலைமை ஏற்க வேண்டாம். அரங்கிலேயே எண்ணி, கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். தேர்தலை முறைப்படி நடத்தத் தவறினால் இயக்குநர் பதவியே காலியாகும் என்ற விதியும் அதே அத்தியாயத்தில் இருப்பதை நினைவூட்டுகிறோம். மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் எழுத்தில் கேட்டால் சிறப்புப் பொதுக்குழு கூட்டலாம். அதற்கான கையெழுத்துத் தாள் இப்போது ஷீட் எடை போடும் இடங்களில் சுற்றி வருகிறது. அது நிரம்பும் முன் நீங்களே ஒரு தேதி குறித்தால் நல்லது. மாலை 3 மணிக்கு, பதிவு அலுவலகத்தில்.

இப்படிக்கு,
பங்குதாரர்கள்