உன் பிள்ளையிடம் இதை நீயே சொல்லு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் சொன்னது மனசைவிட்டுப் போகவில்லை. "ஏழு வயசு ஆச்சும்மா, இன்னும் தினமும் படுக்கையை நனைக்கிறான். நாலு வைத்தால்தான் சரிப்படுவான் போல" என்றாய். சின்னவன் அப்போது தூங்கிவிட்டானா, விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தானா என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது. போனில் அரைகுறையாகச் சொல்லும் விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். மருமகளும் படிக்கட்டும். தினமும் காலையில் விரிப்பை அலசுகிறவள் அவள்தானே.

அவன் வேண்டுமென்று செய்யவில்லை. சோம்பேறித்தனமும் கிடையாது. தூக்கத்தில் நடக்கிற காரியம் அது. ஈரம் உறைத்து எழுந்த பிறகுதான் அவனுக்கே தெரியும். தூங்கும்போது நடந்ததற்கு விழித்திருக்கும்போது அடித்தால், பிள்ளை கற்றுக்கொள்வது பயத்தை மட்டும்தான். பயந்த பிள்ளை இன்னும் அதிகமாக நனைக்கும்.

நீயும் அப்படித்தான் இருந்தாய். பத்து வயதுவரை இருந்தது உனக்கு. உன் அப்பாவுக்கும் சின்ன வயதில் இருந்ததாக உன் பாட்டி சொல்வார். இது குடும்பத்தில் இறங்குகிற ஒன்று. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்குச் சிறு வயதில் இருந்திருந்தால், பிள்ளைக்கும் வர நூற்றுக்கு 40-க்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. இருவருக்குமே இருந்திருந்தால் அது 75-ஐத் தாண்டுகிறது. உன் மூக்கு அவனுக்கு வந்த மாதிரி இதுவும் உன்னிடமிருந்துதான் போயிருக்கிறது. அவனைக் கோபிக்க என்ன இருக்கிறது சொல்லு.

உனக்கு நினைவிருக்கிறதா தெரியாது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து, நனைந்த இடத்தில் தலையணையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாய். மடியில் பாடப்புத்தகம் விரிந்திருக்கும். நான் அறையைப் பெருக்க வந்தால்கூட இடத்தைவிட்டு எழ மாட்டாய். கால்சட்டையின் ஈரம் குளிர்ந்து உடம்பு நடுங்கும், வாய் மட்டும் பாடத்தை முணுமுணுக்கும். உன்னை இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும் உனக்கு அவ்வளவு வெட்கம். திட்டு வாங்காத பிள்ளைக்கே அப்படியென்றால், சின்னவன் மனசு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ராத்திரியில் சிறுநீர் குறைவாக ஊறுவதற்காக மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். சில பிள்ளைகளுக்கு அந்த ராத்திரிச் சுரப்பு சரியான அளவுக்கு வருவதற்குத் தாமதமாகிறது. பகல் அளவுக்கே ராத்திரியும் சிறுநீர் ஊறுகிறது. இன்னும் சிலருக்குச் சிறுநீர்ப்பை சீக்கிரமே நிரம்பி இறுகிவிடும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், அந்த வயதில் பை எவ்வளவு தாங்கும் என்று ஏறக்குறையத் தெரியும். ஏழு வயதுக்கு 240 மில்லி. ஆனால் இதெல்லாம் இருந்தாலும், பை நிரம்பியதும் தூக்கம் கலைந்தால் எழுந்து போய்விடலாம். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சேதி தூக்கத்தைத் தாண்டி எட்டுவதில்லை. மூளையும் சிறுநீர்ப்பையும் பேசிப் பழகச் சிலருக்குக் கூடுதலாகச் சில வருஷம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

அவன் ஒருவன் மட்டும் இப்படி இல்லை. ஐந்து வயதில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 15 பேர் நனைக்கிறார்கள். பத்து வயதில் அது ஐந்து பேராகக் குறைகிறது. நனைக்கிற பிள்ளைகளில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து பேர் வீதம் எந்த வைத்தியமும் இல்லாமலே சரியாகிவிடுகிறார்கள். அவன் வகுப்பிலேயே இன்னும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். யாரும் வெளியே சொல்வதில்லை. காத்திருந்தாலே பெரும்பாலும் போய்விடும் என்றாலும், அதுவரை அந்த வெட்கத்தை அவன் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இப்போது ஒரு கேள்வி. அவன் தினமும் சரியாக வெளிக்குப் போகிறானா? இதை யாரும் கேட்பதில்லை, நீயும் யோசித்திருக்க மாட்டாய். மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. மலம் இறுகிச் சேர்ந்தால் பையை அழுத்தும், பை பாதி நிரம்பும்போதே முட்டும். மலச்சிக்கலைச் சரிசெய்ததுமே படுக்கை காய்ந்துபோன பிள்ளைகள் உண்டு. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போகிறான், கட்டியாகப் போகிறான், முக்குகிறான் என்றால் டாக்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன செய்கிறான் என்றும் விசாரி. கழிப்பறை பிடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மடமடவென்று குடிக்கிற பிள்ளைகள் நிறைய. கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கிறானா, திடீரென்று குதிகாலை அழுத்தி உட்கார்ந்துவிடுகிறானா என்று கவனி. அதெல்லாம் அடக்குகிற அடையாளம். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே தராதே என்று சொல்வார்கள், கேட்காதே. தாகத்தோடு பிள்ளையைப் படுக்க வைக்காதே. குடிக்கிற நேரத்தை மாற்றினால் போதும். காலையிலும் மத்தியானத்திலும் தாராளமாகக் குடிக்கட்டும், சாயங்காலம் தானாகக் குறையும். டீ, காபி, கோலா வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போய்வரட்டும். படுக்கப் போகுமுன் இருமுறை: பல் தேய்க்கும்போது ஒருதரம், விளக்கை அணைக்குமுன் ஒருதரம்.

ராத்திரி அவனைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வைக்கிறேன் என்றாயே, அதைச் செய்யலாம், விரிப்பு மிச்சமாகும். ஆனால் அரைத்தூக்கத்தில் தோளில் சாய்ந்தபடி போவதால் அவன் உடம்பு எதையும் பழகாது. நனைக்காத நாளுக்குப் பரிசு தருவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் கையில் இல்லாததற்குப் பரிசு வைத்தால், கிடைக்காத நாள் அவனுக்குத் தண்டனையாகிவிடும். படுக்குமுன் சொல்லாமலே ஒன்றுக்குப் போய்வந்தானா, அதற்குக் கொடு.

மருமகளுக்கு ஒரு வழி. மெத்தை மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் விரிப்பு, மறுபடி ஒரு ரப்பர் ஷீட், மேலே இன்னொரு விரிப்பு. ராத்திரி நனைந்தால் மேலே இருக்கும் இரண்டையும் உருவினால் போதும், அடியில் காய்ந்தது தயாராக இருக்கும். இரண்டு நிமிஷத்தில் மறுபடி தூங்கலாம். உருவியதைச் சின்னவனே கொண்டுபோய் வாளியில் போடட்டும், ஆனால் தண்டனையாகத் தோன்றாமல், வீட்டு வேலையில் கைகொடுப்பதாக இருக்கட்டும். காலையில் பள்ளிக்குப் போகுமுன் கட்டாயம் குளிக்க வையுங்கள். வாடை அடிக்கிறது என்று வகுப்பில் எவனாவது ஒருவன் சொல்லிவிட்டால் அந்தக் காயம் சீக்கிரம் ஆறாது. பெரியவளையும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி வை, தம்பியை இதைச் சொல்லிக் கேலி செய்யவே கூடாது என்று.

இதற்கென்றே அலாரம் இருக்கிறது. 1904-இல் ஃபவுண்ட்லர் என்ற மருத்துவர் ஆஸ்பத்திரிப் பிள்ளைகளின் படுக்கை நனைந்ததும் நர்சுக்குத் தெரியட்டும் என்று ஒரு மணி வைத்தார். மணி அடிக்க அடிக்க, பிள்ளைகள் நனைப்பதே குறைந்ததைப் பார்த்தார். இப்போது கிடைப்பதும் அதே யோசனைதான். உள்ளாடையில் ஒரு சின்ன உணர்கருவி, ஈரம் பட்டதும் சத்தம். முதல் சில வாரம் அவன் எழுந்திருக்கவே மாட்டான், வீடே எழும், அவன் தூங்குவான். பெரியவர் ஒருவர் எழுப்பி, முழுசாகத் தூக்கம் தெளியவைத்து, நடத்திக் கூட்டிப் போகவேண்டும். இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். தொடர்ந்து 14 ராத்திரி காய்ந்திருந்தால் நிறுத்தலாம். விடாமல் செய்தால் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குப் பலன் தருகிறது. உங்கள் இருவரில் யாருக்கு ராத்திரி எழ முடியுமோ, அதைப் பேசி முடிவு செய்த பிறகு வாங்குங்கள். பாதியில் விட்டால் பிள்ளை தன்னால்தான் முடியவில்லை என்று நினைத்துக்கொள்வான்.

டெஸ்மோபிரெசின் என்று மாத்திரையும் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலா, உறவினர் வீட்டில் தங்கல் என்று ஒரு தேவை வரும்போது கைகொடுக்கும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பி வரும். டாக்டர் சொல்லாமல் தொடாதே. அதைப் போட்டுக்கொள்ளும் ராத்திரி, ஒரு மணி நேரம் முன்பிருந்து காலைவரை தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது. குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, வலிப்புவரை போகும் ஆபத்து உண்டு.

எப்படியும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சின்னவன் பிறந்ததிலிருந்தே ராத்திரி காய்ந்ததில்லை, அதனால் எனக்குப் பெரிய பயம் இல்லை. ஆறு மாதம் நன்றாக இருந்து திடீரென்று மறுபடி ஆரம்பித்தால் சங்கதி வேறு. ஒன்றுக்குப் போகும்போது எரிச்சல், பகலிலும் கசிவது, ஓயாத தாகத்தோடு மெலிவது, நடையில் தடுமாற்றம், இவற்றில் ஏதாவது இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதே. தாகமும் மெலிவும் சேர்ந்தால் அன்றைக்கே சர்க்கரை பார்க்கவேண்டும். சத்தமாகக் குறட்டை விட்டு, வாயைத் திறந்தபடி தூங்குகிறானா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கினாலும் இது வரும்.

கடைசியாக, நீ செய்யவேண்டியது. உனக்கும் இப்படி இருந்தது என்று அவனிடம் சொல்லு. மருமகள் சொல்வதும் நான் சொல்வதும் வேறு, அப்பா வாயால் கேட்பது வேறு. படுக்கை நனைந்த காலையில் சொல்லாதே. சைக்கிள் துடைக்கும்போதோ கடைக்கு நடக்கும்போதோ, முகத்தைப் பார்க்காமல் சொல்லு. "எனக்கும் பத்து வயசு வரைக்கும் இருந்துச்சுடா, அப்புறம் தானா போயிடுச்சு." அது போதும். தலையணை மேல் உட்கார்ந்ததையும் சொல்ல மனசு வந்தால் சொல்லு. அவன் ஏதாவது கேட்டால் பதில் சொல்லு, கேட்காவிட்டால் விட்டுவிடு.

விடுமுறைக்கு இங்கே அனுப்பத் தயங்காதே. ரப்பர் ஷீட் நம் வீட்டில் இருக்கிறது. எனக்கு ராத்திரி எழுவதும் ஒன்றும் சிரமமில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று போன் பண்ணு. மருமகளையும் பேசச் சொல்லு.

அன்புடன்,
அம்மா