பேரனின் பால் பல்லும் பேத்தியின் தெத்துப் பல்லும்

குடியாத்தம்,
சித்திரை 8

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதமும் போனில் அனுப்பிய படங்களும் கிடைத்தன. மாப்பிள்ளைக்கு ஓசூருக்கு மாற்றல் கிடைத்ததில் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம். இனி புனே வரைக்கும் நீ ரயில் ஏற வேண்டாம். பேரப் பிள்ளைகளும் நம் பக்கத்துப் பேச்சைக் காதில் கேட்டு வளருவார்கள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. வெயில்தான் தாங்க முடியவில்லை.

பரீட்சை முடிந்துவிட்டதால் கிளினிக் முழுக்கப் பிள்ளைகள். பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், வளத்தூர் என்று சுற்றுப்பக்கத்திலிருந்தெல்லாம் வருகிறார்கள். மகள் குழந்தைகள் பல் மருத்துவத்தில் எம்.டி.எஸ். முடித்து என்னோடு உட்கார்ந்ததிலிருந்து, "அம்மா, பெரியவங்களை நீ பாரு, பொடிசுங்களை என்கிட்ட விடு" என்று பிரித்துக்கொண்டாள். பிள்ளை அவளுடைய நாற்காலியில் படுத்திருக்கும்போது கூட வந்த பாட்டி என் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். 4 வயசுப் பேரனுக்கு மேல் முன்பல் நாலும் பழுப்பாகிக் கரைந்திருக்கிறது, விழுந்து முளைக்கிற பல்தானே, விட்டுவிடலாமா என்று ஒரு கேள்வி. 13 வயசுப் பேத்திக்குத் தெத்துப் பல், கிளிப் போடத்தான் வேண்டுமா என்று இன்னொன்று. நீ தனித்தனியாகக் கேட்டிருக்கிறாய். படங்களைப் பார்த்தபோது அக்காவுக்கு நடந்ததே தம்பிக்கும் நடந்துவிடப் போகிறதே என்று எனக்குப் பதைத்தது. அதனால் பேத்தியிலிருந்தே தொடங்குகிறேன்.

அவளுக்கு 6 வயசில் மேல் கடைவாய்ப் பால் பல் இரண்டைப் பிடுங்கினார்கள் என்று எழுதியிருக்கிறாய். சீழ் வைத்திருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. எடுத்த இடத்தை யாரும் காப்பாற்றவில்லை, என் வருத்தம் அதுதான். அந்தப் பல் தானாக விழ வேண்டிய வயசு 10, 11. அதுவரை அது மெல்லுவதற்கு உதவுவதோடு, தனக்கு மேலே எலும்புக்குள் வளர்கிற நிலைப் பல்லுக்காக பஸ் சீட்டில் துண்டு போட்டு வைக்கிற மாதிரி இடமும் பிடித்து வைத்திருக்கிறது. 6 வயசில் பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். முன்னால் இடம் காலியாக இருந்தால் அது மெதுவாக முன்னோக்கி நகர்ந்து வந்துவிடும். பிறகு முளைக்கிறவை கிடைத்த இடத்தில் நெருக்கி உட்காரும். மேல் கோரைப் பல் இறங்குவது கடைசியில், 11, 12 வயசில். அப்போது அதற்கு இடம் மிச்சமிருக்காது. ஈறுக்கு மேலே வெளியே துருத்திக்கொண்டு நின்றுவிடும், அதுதான் தெத்துப் பல். தாடை சின்னதாகவும் பல் பெரிதாகவும் அமைந்த பிள்ளைகளுக்கும் இப்படி வருவதுண்டு, எக்ஸ்ரே பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பக்கமும் பல் எடுத்திருக்கிறார்கள், இரண்டு பக்கமும் கோரைப் பல் வெளியே நிற்கிறது. பல்லை எடுத்ததும் பக்கத்துப் பல்லில் ஒரு வளையம் மாட்டி, சின்னக் கம்பியால் அந்த இடைவெளியைப் பிடித்து வைத்திருக்கலாம். ஸ்பேஸ் மெயின்டெய்னர் என்போம். பெரிய வேலையே இல்லை.

இப்போது பேரன். படத்தில் பார்த்தது பால் புட்டிச் சொத்தை. நீ எழுதாவிட்டாலும் அவன் ராத்திரி புட்டியோடு தூங்குகிறவன் என்று அந்த நாலு பல்லே சொல்லிவிட்டது. தூக்கத்தில் எச்சில் மிகவும் குறைந்துவிடும். பால் மேல் பற்களைச் சுற்றித் தேங்கி நிற்க, வாயில் இருக்கிற கிருமி அதிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும், அந்த அமிலம் இரவு முழுக்கப் பல்லைக் கரைக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை தப்பித்துவிடும். உன் பேரனுக்கும் கீழே வெள்ளையாகத்தான் இருக்கிறது, பார். பூச்சி விழுந்துவிட்டது என்று உன் சம்பந்தியம்மா சொன்னார்களாமே. பல்லுக்குள் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் பாட்டிகள் கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டுப் புகை பிடிக்கச் சொன்ன காலம் போகட்டும், அந்தக் குழந்தையை அப்படி எதிலும் உட்கார வைக்காதே.

முன்பல் போனாலும் இடம் அவ்வளவாகச் சுருங்காது. எனக்குப் பயம் கடைவாய்ப் பால் பற்களைப் பற்றித்தான். இரண்டு கடைவாய்ப் பல் ஒட்டி நிற்கிற சந்தில் சொத்தை ஆரம்பித்தால் வெளியே தெரியாது, மேல்பரப்பு ஒருநாள் உள்ளே இடிந்து விழும்போதுதான் தெரியும். அதனால் சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொல். ஆரம்ப நிலையில் இருந்தால் சில்வர் டயமின் ஃப்ளோரைடு என்ற மருந்தைத் தடவியே சொத்தையை நிறுத்திவிடலாம். ஊசியும் வேண்டாம், ராவுகிற மெஷினும் வேண்டாம். தடவிய இடம் கறுப்பாகி நிற்கும், அதைப் பார்த்து பல் இன்னும் கெட்டுவிட்டதாக நினைக்காதே. ஆழமாகப் போயிருந்தால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து ஸ்டீல் கேப் போடலாம். ஆறேழு வருஷத்தில் விழப்போகிற பல்லுக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பாய். பால் பல்லின் வேரில் சீழ் நின்றால் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருக்கிற நிலைப் பல்லின் எனாமல் கெட்டுப் போகலாம். வலிக்கிற குழந்தை ஒரு பக்கமாகவே மெல்லும், பிறகு மெல்லாமல் விழுங்கும், பிறகு சோற்றைக் கண்டாலே ஓடும். எடை ஏறாத பிள்ளையைச் சத்து டானிக் வாங்க மருந்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள், வாயைத் திறந்து பார்த்தால் காரணம் அங்கே இருக்கிறது.

புட்டியை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு இரண்டாகிவிடும். தினமும் பாலில் கொஞ்சம் தண்ணீர் கூட்டிக்கொண்டே வரச் சொல். கடைசியில் வெறும் தண்ணீர் இருக்கும், அவனே வேண்டாம் என்பான். ராத்திரி பாலைத் தூங்குவதற்கு முன்னால் டம்ளரில் குடிக்கட்டும், அப்புறம் பல் தேய்த்துப் படுக்கட்டும். தேய்ப்பது பெரியவர்கள் வேலை. 7, 8 வயசு வரைக்கும் குழந்தையின் கைக்கு அந்த நுணுக்கம் வராது. தரையில் உட்கார்ந்து அவன் தலையை உன் மடியில் சாய்த்துக்கொள், மேலிருந்து பார்த்தால் கடைசிப் பல் வரை தெரியும். பேஸ்ட் பட்டாணி அளவு, ஃப்ளோரைடு 1000 பிபிஎம் இருக்கிறதா என்று ட்யூபின் பின்பக்கம் படித்துவிட்டு வாங்கு. 3 வயசுக்குள் இருக்கிற குழந்தைக்கு அரிசி அளவு போதும். துப்பினால் போதும், வாய் கொப்பளிக்க வேண்டாம், பேஸ்ட் கொஞ்சம் தங்கட்டும்.

ஓசூர்ப் பக்கம் போயிருப்பதால் தண்ணீரைப் பற்றியும் சொல்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். பல் உருவாகிற வயசில், அதாவது 8 வயசுக்குள், அந்தத் தண்ணீரையே குடித்தால் முளைக்கிற நிலைப் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் நின்றுவிடும். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வீட்டில் போர் தண்ணீர் என்றால் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். இதைக் கேட்டுவிட்டு ஃப்ளோரைடு பேஸ்ட்டை நிறுத்திவிடாதே. விழுங்காமல் துப்புகிற பேஸ்ட்டால் அந்தக் கறை வராது.

இங்கே என்னிடம் வருகிற தாய்மாரில் பாதிப் பேர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறம், பக்கத்தில் குழந்தை. அன்றைய கணக்கு முடிகிறவரை கையை எடுக்க முடியாது, அழுகிற பிள்ளைக்கு பிஸ்கட்டோ டீயில் தொட்ட பன்னோ கொடுத்தால்தான் வேலை ஓடும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள், குழந்தை பாட்டியிடம். இவர்களிடம் இனிப்பே தராதே என்று சொல்வதில் அர்த்தமில்லை. நான் நேரத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போனதும் அரை மணி நேரம் போல அமிலம் நிற்கிறது, அப்புறம்தான் எச்சில் அதைச் சரி செய்கிறது. பத்துத் தடவை பிஸ்கட் தின்கிற குழந்தைக்கு எச்சில் வேலை செய்ய இடைவெளியே கிடைக்காது. ஆற்காடு மக்கன் பேடாவை முழுசாகச் சாப்பாட்டோடு தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கிற பிள்ளை பரவாயில்லை, ஒரு பாக்கெட் பிஸ்கட்டை நாள் முழுக்கக் கொறிக்கிற பிள்ளைதான் என் நாற்காலிக்கு வருகிறது. "உழுந்து மொளைக்கிற பல்லு, இன்னாத்துக்கு டாக்டரம்மா செலவு?" என்று கேட்பார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறவர்களிடம் கோபம் வருவதில்லை. பிளாஸ்டிக் பல் மாடலைக் கையில் கொடுத்து, அடியில் ஒளிந்திருக்கிற பல்லைக் காட்டுவேன். பார்த்த பிறகு மறுக்கிறவர்கள் குறைவு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்கிற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்தின் குழு பரிசோதனைக்கு வருகிறது, பல்லும் அவர்கள் பட்டியலில் உண்டு. அந்தச் சீட்டைத் தொலைக்காமல் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பேரனுக்கு 6 வயசுப் பல் வர இன்னும் காலம் இருக்கிறது, ஆனாலும் நினைவில் வை. அது எந்தப் பல்லும் விழாமல் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும், பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் அது. அதன் மேல்பரப்பில் பள்ளம் ஆழமாக இருந்தால் அதை மூடுகிற சீலன்ட் என்ற பூச்சைப் பூசிவிடலாம், வலியே இல்லாத வேலை. அடுத்த முறை போனில் பேசும்போது, "அடம் பிடிச்சா டாக்டர்கிட்ட ஊசி போடச் சொல்வேன்" என்று அவனை மிரட்டுவதை நிறுத்தச் சொல் உன் மகளிடம். முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதற்காகவும்தான். வலி இல்லாத நாளில் வந்து நாற்காலி ஏறி இறங்கி விளையாடிய குழந்தை, வலிக்கிற நாளில் வாயைத் திறக்கும்.

பேத்தியின் கிளிப்புக்கு இதுவே நல்ல வயசு. நிலைப் பற்கள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிட்டன, தாடை இன்னும் வளர்கிறது. ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும், மாதம் ஒரு தடவை வர வேண்டும். நெருக்கடி அதிகமாக இருந்தால் நிலைப் பல்லிலேயே இரண்டோ நாலோ எடுக்க நேரலாம். கம்பி இறுக்கிய இரண்டு மூன்று நாள் வலிக்கும். முறுக்கு, கரும்பு, பிரியாணி எலும்பு எல்லாம் கிளிப்பைக் கழற்றுகிறவரை தள்ளி இருக்கட்டும். கழற்றிய பிறகு, பல்லை நகரவிடாமல் பிடித்து வைக்கிற ரீடெய்னரை ஒழுங்காகப் போடாவிட்டால் பல் பழைய இடத்துக்கே திரும்பும், பணமும் பாடும் போச்சு. இந்த வயசில் உடம்பு மாறுகிற மாற்றத்தில் ஈறும் சட்டென்று வீங்கும், ரத்தம் வரும். கிளிப்பைச் சுற்றி ராத்திரி நிதானமாகத் தேய்க்கிறவளா என்று முதலில் பார். தெத்துப் பல் அதிர்ஷ்டம் என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள், நீ அவள் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள் என்கிறாய். அவளைக் கேட்டாயா? இரண்டு வருஷம் கம்பியோடு பள்ளிக்கூடம் போகப் போகிறவள் அவள். தனியாக உட்கார வைத்துக் கேள், அவள் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

என் மனசை அறுக்கிற ஒன்றை உன்னிடம் சொல்லியாக வேண்டும். ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பையன்கள் சிலருக்குக் கீழ் உதட்டை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, சுருக்கம் விழுந்த ஒரு திட்டு. புகையிலைப் பொட்டலம் வைக்கிற இடம். குட்கா தமிழ்நாட்டில் 2013லேயே தடை செய்யப்பட்டது, ஆனாலும் எங்கிருந்தோ இவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. பாக்கு கலந்ததைப் போட்டுக்கொண்டே இருந்தால் கன்னம் உள்ளே நார் நாராக இறுகி, மூன்று விரல் நுழைகிற அளவுகூட வாய் திறக்காமல் போகும், புற்றுநோயிலும் முடியலாம். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் மட்டும் பேசுகிறேன். திட்டுவதில்லை. சீக்கிரம் விட்டுவிட்டால் அந்த வெள்ளைத் திட்டு மறையக்கூடும் என்று சொல்லி, அடுத்த மாதம் வரச் சொல்கிறேன். சிலர் வருகிறார்கள். பால் பல் விழுந்து முடிந்ததும் பல் டாக்டரிடம் வருவதையே நிறுத்திவிடுகிறது நம் ஊர்ப் பிள்ளைகள் கூட்டம், இதையெல்லாம் வேறு யார் பார்ப்பது?

போன வாரம் நடந்த நல்லதையும் எழுதிவிடுகிறேன். ஆற்று மணலில் கபடி ஆடியபோது ஒரு பையனுக்கு மேல் முன்பல் வேரோடு கழன்று விழுந்துவிட்டது. கூட இருந்த பி.டி. மாஸ்டர் வேரைத் தொடாமல் பல்லின் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்து எடுத்து, டீக்கடையில் காய்ச்சாத பால் வாங்கி அதற்குள் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பையனையும் பல்லையும் கொண்டுவந்து சேர்த்தார். மகள் அதே குழியில் பொருத்திப் பக்கத்துப் பற்களோடு கம்பி ஒட்டிவிட்டாள். வேர் சிகிச்சை பாக்கி இருக்கிறது, ஆனால் பல் நிற்கும் என்றுதான் நினைக்கிறோம். நிலைப் பல்லுக்கு மட்டும்தான் இது, பால் பல் விழுந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது. பேத்தி கோகோ ஆடுகிறாள் என்றாயே, அவளுக்கும் சொல்லி வை.

வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு எல்லோரும் வருகிறீர்கள் அல்லவா? ரெண்டு நாள் முன்னாலேயே வந்துவிடுங்கள், திருவிழா அன்று ஊருக்குள் வண்டி நுழையாது, நாங்களும் கிளினிக்கை மூடிவிடுவோம். பேரனை முதல் நாள் சும்மா கூட்டி வா, மகள் அவனை நாற்காலியில் ஏற்றி இறக்கி விளையாடட்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். வரும்போது பேத்திக்குப் புனேயில் எடுத்த பழைய எக்ஸ்ரே வீட்டில் கிடக்கிறதா என்று தேடி எடுத்து வா. இன்றைக்கு ராத்திரியே புட்டியில் தண்ணீர் கலக்க ஆரம்பிக்கச் சொல்லிவிடு.

என்றும் அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி