முதல் பருவ நிறைவும் ரசனை நோட்டும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். முதல் பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. தேர்வுகள் குறித்தபடி முடிந்தன. விளையாட்டு விழாவிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு பெற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். விடைத்தாள்கள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் கைக்கு வரும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நடக்கும் ரசனை நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

நாளுக்கு ஒரு பக்கம், பத்து நிமிடம், அவ்வளவுதான் வேலை. அன்று கண்ணில் பட்டுப் பிடித்துப்போன ஏதாவது ஒன்று: பஸ் டிக்கெட்டில் உள்ள எண்ணின் வடிவம், பற்பசை மூடியின் வரிப்பள்ளம், கார்ட்டூன் பாத்திரத்தின் மூக்கு. அதை வரைந்து, கீழே மூன்று வரி எழுத வேண்டும்: என்ன, எங்கே பார்த்தது, அதில் எது பிடித்தது.

இப்போது வரும் நோட்டுகள் வாரத்துக்கு வாரம் அழகாகிக்கொண்டே போகின்றன. எங்கள் கவலையே அதுதான். இணையத்தில் முதலில் வந்து நிற்கும் அதே பட்டாம்பூச்சி பல நோட்டுகளில் ஒரே வாரத்தில் பறக்கிறது. டிரேஸ் எடுத்த படம் பார்த்தவுடன் தெரியும்: கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில் ஓடும், திருத்தி வரைந்த தடம் ஒன்றுகூட இருக்காது. வீட்டில் யார் வரைந்தார்கள் என்றுகூடச் சில சமயம் ஊகிக்க முடிகிறது, அதற்குள் போகவில்லை.

பிள்ளையே வரைய வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1981-இல் வந்த டாங்கி காங் வீடியோ விளையாட்டில் மரியோ என்ற பாத்திரத்துக்கு மீசையும் தொப்பியும் வந்ததற்குக் காரணம் இடமின்மை. அத்தனை சிறிய உருவத்தில் வாய் எடுபடாது, அதனால் மீசை. தலைமுடியை வரைவது கடினம், அதனால் தொப்பி. 1999-இல் ஷிகெடாகா குரிடா கைப்பேசிக்காக உருவாக்கிய 176 எமோஜிகளுக்கும் 12-க்கு 12 கட்டம்தான் கிடைத்தது. எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பதுதான் வடிவமைப்பு. பிரிண்ட் அவுட்டை வெட்டி ஒட்டும்போது அந்த முடிவை வேறு யாரோ எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

‘வரைய ஒன்றுமே இல்லை’ என்று பிள்ளை உட்கார்ந்திருந்தால், கட்டம் போட்ட தாளில் 12-க்கு 12 சதுரம் குறித்துக்கொடுங்கள். வீட்டுச் சாவியை அந்த 144 கட்டங்களுக்குள் நிரப்பிக் காட்டச் சொல்லுங்கள். அல்லது பழைய அட்டையில் 3-க்கு 4 செ.மீ. அளவில் ஒரு ஜன்னல் வெட்டிக்கொடுங்கள். அதை ஒரு கண்ணால் பார்த்தால், அறை முழுவதும் இருக்கும் பொருள்களில் ஒரு மூலை மட்டும் தனியாக நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்து அதைப் பார்த்து வரைவது வேண்டாம். மிக அருகில் வைத்து எடுத்தால் முன்னால் இருப்பது பெருத்து, பின்னால் இருப்பது சிறுத்துவிடும்; பிள்ளையும் அப்படியே வரைந்து வைக்கும்.

பொருள்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கோடில்லாத ஏ5 நோட்டும் 2பி பென்சிலும் போதும். வாட்டர்கலர் ஆசை இருந்தால் தனியாக 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வாங்குங்கள், சாதாரண 70 ஜி.எஸ்.எம். தாள் ஈரத்தில் ஊறி அலை அலையாக மடங்கும். திரவக் கம்முக்கும் இதே கதிதான், குளூ ஸ்டிக் நல்லது. ஆல்கஹால் மார்க்கர் பின்பக்கத்துக்கு ஊறிவிடும். பென்சில் கரி இழுபடாமல் இருக்க உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வைக்கலாம். இடக்கைப் பிள்ளைகள் வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் பாதித் தொல்லை தீரும்.

அடுத்த பருவத்திலிருந்து பெரியவர் கைபட்ட பக்கமும் ஒட்டிய பிரிண்ட் அவுட்டும் கணக்கில் சேராது. அந்தப் பக்கத்தை மறுபடி வரையச் சொல்லி நோட்டு திரும்பி வரும். படத்தின் அழகுக்கு மதிப்பெண் கிடையாது, எப்போதும் இருந்ததில்லை. ‘பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஸ்டார், எங்கள் பிள்ளைக்கு ஏன் இல்லை’ என்று ஓவிய ஆசிரியரை இரவில் தொலைபேசியில் அழைப்பதை அருள்கூர்ந்து நிறுத்துங்கள்.

வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளையோடு உட்காரும் அக்கறையிலிருந்துதான் இதெல்லாம் நடக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். உட்காருங்கள், பேச்சுக் கொடுங்கள், ‘இதில் உனக்கு எது பிடித்தது?’ என்று கேளுங்கள். பென்சிலை மட்டும் வாங்காதீர்கள். கை துறுதுறுக்கிறதென்றால் உங்களுக்கென்று தனி நோட்டு ஒன்று போடுங்கள். பெற்றோர் கூட்டத்தன்று அதையும் கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு பார்ப்போம்.

இந்தப் பருவம் முழுவதும் நீங்கள் தந்த ஒத்துழைப்புக்கு மனமார்ந்த நன்றி. விடுமுறையில் நோட்டுக்கும் விடுமுறைதான். விரும்பும் பிள்ளைகள் தொடரலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்